இரண்டு நாளில் வந்த பாராட்டு

காத்தான்குடி பிரதான வீதியில் இருக்கும் நிஸ்மியாவின் கடையில் ஒரு தாளைக் கொடுத்தால் அது இரண்டாகித் திரும்பி வரும். அதற்குள் அவள் அதை வாசித்து முடித்திருப்பாள். காணி உறுதிப்பத்திரம், வைத்திய அறிக்கை, பொலிஸ் முறைப்பாடு, எதுவென்றாலும் சரி. அவளைப் பற்றி ஊரில் இருந்த ஒரே குறை இதுதான். வாசித்ததை வெளியில் ஒருவருக்கும் சொல்ல மாட்டாள் என்பதும் ஊருக்குத் தெரியும்; அதனால் கடை ஓடியது. ஆனால் கொண்டு வந்தவரிடம் கேள்வி கேட்காமல் விடமாட்டாள்.

"காக்கா, இந்த உறுதியில வடக்கு எல்லையெண்டு ரெண்டு தரம் எழுதியிரிக்கி. தெற்கக் காணல்லயே, ஏன்?"

"உனக்கென்ன புள்ள அதுல? கொப்பிய எடு."

அப்படிச் சீறிவிட்டுப் போனவர் அடுத்த நாளே நொத்தாரிசிடம் போய் உறுதியைத் திருத்திக்கொண்டு வருவார். திருத்தியதையும் நிஸ்மியாவிடமே கொப்பி எடுப்பார்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஓ.எல். பரீட்சை எழுதியதோடு படிப்பு நின்றது. பத்தொன்பதில் கலியாணம். கணவன் சாலிஹ் கட்டாரில் குளிர்களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறான். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பான். ஒன்பது வருஷத்துக்கு முன் அப்படி வந்திருந்தபோது, ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட போட்டோக்கொப்பி இயந்திரமொன்றை வாங்கி வந்து முன்னறையில் வைத்துவிட்டுப் போனான். அவன் விமானம் ஏறிய வாரமே இயந்திரம் மூன்று தடவை நின்றது. திருத்துகிறவர் பட்டணத்திலிருந்து வருவதற்கு ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் எடுத்தது. நாலாவது தடவை நிஸ்மியா அவருக்குச் சொல்லவில்லை. இயந்திரத்தோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை ஓர் அகராதியின் துணையோடு பிரித்து வைத்துக்கொண்டு குந்தினாள். இரண்டு நாளில் உருளையொன்றின் கீழே மடிந்து கிடந்த தாளை இழுத்தெடுத்தாள். அந்தப் புத்தகத்தை அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூன்று தரம் வாசித்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் பெரும்பாலும் அதிலிருந்து வந்ததுதான். ஆகவே அதில் மரியாதையான கட்டளைகளும் எச்சரிக்கைகளும் கொஞ்சம் கூடுதலாக இருந்தன.

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ்ஸொன்றில் றோய் கொண்டக்டர். பெரியகல்லாற்று ஆள், மெதடிஸ்த கோவில்காரர். பஸ் காத்தான்குடியில் நிற்கும் இரண்டு நிமிஷத்துக்குள் பாய்ந்து வந்து, கொப்பி எடுக்க வேண்டிய கடிதங்களை மேசையில் போட்டுவிட்டு ஓடுவார். திரும்பி வரும் ஓட்டத்தில் வாங்கிக்கொண்டு போவார். கொஞ்சம் பிந்தினால் சாரதி கோணாமலை ஹோர்னில் கையை வைத்து எடுக்கவே மாட்டார்.

அன்று செப்டெம்பர் மாதத்து வியாழக்கிழமை. றோய் வழக்கத்தைவிட வேகமாக வந்தார். முகமெல்லாம் பல்.

"தங்கச்சி, இத நல்ல தடிச்ச பிளாஸ்ரிக்கில லெமினேட் பண்ணுங்க. என்ட மகளுக்கு அமெரிக்காவில புலமைப்பரிசில் கிடைச்சிரிக்கு! மறுகா இந்த ரிசல்ஸ் சீற்ற ஸ்கேன் பண்ணி, கடிதத்தில கிடக்கிற ஈமெயிலுக்கு அனுப்பி விடுங்க. அவங்க கேட்டிரிக்காங்க."

ஹோர்ன் அடித்தது. றோய் ஓடினார்.

நிஸ்மியா கடிதத்தைக் கையில் எடுத்தாள். பாரமான, வழுவழுப்பான தாள். மேலே பொன்னிறத்தில் கல்லூரியின் இலச்சினை. உங்களுடைய தலைசிறந்த கல்விப் பெறுபேறுகளை நுணுக்கமாகப் பரிசீலித்து, திறமைக்கான புலமைப்பரிசிலாக வருடத்துக்கு முப்பதாயிரம் டொலர் வழங்குவதில் பெருமையடைகிறோம் என்று எழுதியிருந்தது. கீழே, விண்ணப்பம் கிடைத்த திகதி, கடிதம் எழுதிய திகதி இரண்டும் இருந்தன. இடையில் இரண்டு நாள்.

லெமினேட் இயந்திரத்தின் சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை அவள் காத்திருந்தாள். பச்சையான பிறகும் கடிதத்தை உள்ளே விடவில்லை. பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பார்த்தாள். டினுஷா, உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு, இரண்டு ஏ, ஒரு பி. இந்தத் தாள் இன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கல்லூரிக்குப் போகப்போகிறது. அப்படியானால் இதைப் பார்க்காமலே அவர்கள் எதை நுணுக்கமாகப் பரிசீலித்தார்கள்?

றோய் பின்னேரம் திரும்பி வந்தபோது அவள் கேட்டேவிட்டாள்.

"றோய் அண்ணன், ரிசல்ஸ் சீற்று இவ்வளவு நாளும் உங்கட கையிலதானே இரிந்த? பார்க்காமலே எப்பிடி நல்ல ரிசல்ஸ் எண்டு எழுதினாங்க?"

றோயின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "கொழும்பில இரிக்கிற ஏஜென்ற் சொல்லியிரிப்பான், தங்கச்சி. அவன்தானே எல்லாம் நிரப்பினவன்."

"சொன்னத்துக்கா முப்பதாயிரம் டொலர்?"

றோய் லெமினேட் செய்யாத கடிதத்தை வாங்கி மடித்து, டிக்கெட் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டும் நேரம் நெருங்கியபோது ஓர் இளம்பெண் வாசலில் வந்து நின்றாள். உயரமாக, கண்ணாடி போட்டு, தோளில் பையோடு. பையை இறக்காமலே கேட்டாள்.

"நீங்கதான் நிஸ்மியா அன்ரியா? நான் றோயிட மகள். என்ட கடிதத்த நீங்க ஏன் வாசிச்சயள்?"

நிஸ்மியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருஷத்தில் ஒருவரும் இதை இப்படி நேராகக் கேட்டதில்லை. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"எழுத்து இரிந்தா எனக்கு வாசிக்காம இரிக்க ஏலா, புள்ள. பிழைதான். மன்னிச்சிக்க."

"அப்பா ராவு சாப்பிடல்ல. மூண்டு மாசமா எங்கட கோவிலில எனக்காகச் செபிச்சவங்களிட்ட இந்தக் கடிதத்தக் காட்டோணும் எண்டு இரிந்தவர்."

"ம்."

டினுஷா தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள். பிறகு, இன்னொரு குரலில், "அந்தத் திகதிய நானும் பார்த்தன்," என்றாள். "பார்த்திட்டு, அமெரிக்காவில எல்லாம் கெதியா நடக்கும் எண்டு நினைச்சன்."

நிஸ்மியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நாம சந்தேகப்படத் தேவல்ல. கேட்டுப் பார்ப்பமே. அவங்களிட்டயே."

கணினியைத் திறந்து இருவரும் ஈமெயில் எழுதினார்கள். நிஸ்மியா சொல்லச் சொல்ல டினுஷா தட்டினாள். 'இந்தப் புலமைப்பரிசிலைப் பெறும் மாணவர்களின் எண்ணிக்கையைத் தயவுசெய்து குறிப்பிடவும். நூற்றுக்கு எத்தனை பேர் என்று குறிப்பிடவும். விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் குறிப்பிட வேண்டாம்.' டினுஷா முதன்முறையாகச் சிரித்தாள். "அன்ரி, இது மெசினுக்கு எழுதுற மாதிரிக் கிடக்கு." ஆனாலும் மாற்றாமல் அனுப்பினாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. அந்த அலுவலர் நேர்மையான மனிதர்தான். எங்களிடம் அனுமதி பெறுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு ஏதோவொரு திறமைப் புலமைப்பரிசில் கிடைக்கிறது, நல்ல கேள்வி, நன்றி என்று எழுதியிருந்தார்.

நிஸ்மியா அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, வியப்புத்தான் வந்தது. நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்குப் பரிசு என்றால் கல்லூரியின் முழுக் கட்டணத்தை உண்மையில் யார்தான் கட்டுகிறார்கள்? அந்த இரண்டு பேரா? பெருநாளைக்கு முதல் கிழமை துணிக்கடைகளில் விலைச்சீட்டை உயர்த்தி எழுதி, அதைக் கோடுபோட்டு வெட்டி, கழிவு என்று மாட்டி வைப்பார்களே, அதுவா இது? பரிசு போக மிச்சமாக றோய் கட்டவேண்டியிருந்த தொகைக்கு, அவருடைய பெரியகல்லாற்று வளவையும் வீட்டையும் விற்றாலும் முதல் வருஷத்துக்கே காணாது.

றோயிடம் இதைச் சொன்னது டினுஷாதான். அவர் அடுத்த ஓட்டத்தில் கடைக்கு வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மறுகா என்ன செய்யிற, தங்கச்சி? எல்லாமே ஏமாத்தா?"

"தெரியா அண்ணன். உண்மையிலயே தெரியா," என்றாள் நிஸ்மியா. "அதான் எனக்கும் பார்க்கோணும் போல இரிக்கி."

அது வெறும் சமாதானத்துக்குச் சொன்னதல்ல. நம் ஊரில் புலமைப்பரிசில் என்றால் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை. வெட்டுப்புள்ளி ஒன்று இருக்கும், அதற்கு மேலே எடுத்தால் உண்டு, கீழே எடுத்தால் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி. திறமை அடிப்படையில் இத்தனை, மாவட்ட அடிப்படையில் இத்தனை என்று கைநூலில் அச்சடித்தே இருக்கும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததில் அந்தக் கணக்கெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் வெட்டுப்புள்ளியே இல்லாமல், முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு, கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கல்லூரி ஏன் பணம் கொடுக்கவேண்டும்? யாருக்குக் கொடுப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறது? அந்தக் கேள்வி பல்லில் சிக்கிய நார்போல அவளை விடவில்லை.

ளுஹர் தொழுதுவிட்டு வந்தால் மூன்று மணி வரை கடையில் ஆள் வராது. அந்த நேரத்தில் டினுஷா அப்பாவின் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவளுடைய ஆங்கிலம் நிஸ்மியாவினதைவிட நல்லது. பக்கங்களை மளமளவென்று வாசித்துக்கொண்டு போவாள். நிஸ்மியா மெதுவாக வாசிப்பாள், ஆனால் அடிக்குறிப்பையும் விடமாட்டாள். அங்கேதான் விஷயம் இருக்கும் என்பது அவளுடைய அனுபவம்.

முதலில் உலகத்துக்கே பேர் தெரிந்த பெரிய கல்லூரிகளைப் பார்த்தார்கள். நூறு பேர் விண்ணப்பித்தால் நாலைந்து பேரை எடுக்கிற இடங்கள். அங்கே திறமைக்கான புலமைப்பரிசிலே இல்லை! நிஸ்மியா நம்பவில்லை. இன்னொன்றைத் திறக்கச் சொன்னாள். அங்கும் இல்லை. ஒரு கல்லூரியின் பக்கத்தில் காரணமும் இருந்தது: எங்களிடம் வருகிற எல்லோரும் திறமையானவர்கள், ஆகவே திறமைக்கென்று தனியே கொடுப்பதில்லை, குடும்பத்தின் தேவையைப் பார்த்து மட்டும் கொடுக்கிறோம்.

"பாருங்க அன்ரி," என்றாள் டினுஷா. "எல்லாருக்கும் குடுக்கிற இடத்திலயும் திறமைய யாரும் பார்க்கல்ல. ஒருத்தருக்கும் குடுக்காத இடத்திலயும் பார்க்கத் தேவையில்ல."

"அப்ப நடுவில இரிக்கிறவங்கதான் பார்க்கிற. அவங்களத் தேடுவம்."

நடுவில் இருந்தவர்கள் எளிதில் அகப்படவில்லை. இறுக்கமாகத் தெரிவுசெய்து பிள்ளைகளை எடுக்கும் கல்லூரிகள், ஆனால் அந்தப் பெரிய பெயர்களுக்கு ஒருபடி கீழே இருப்பவை. அந்தப் பெரிய இடங்களுக்குப் போகிற கெட்டிக்காரப் பிள்ளையைத் தங்கள் பக்கம் இழுப்பதற்காகவே அவை புலமைப்பரிசில் வைத்திருந்தன. இதைப் புரிந்துகொண்ட அன்று நிஸ்மியாவுக்கு இயந்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்ததுபோல இருந்தது. பரிசு என்பது பாராட்டு மட்டுமல்ல; அது ஓர் அழைப்பு. நீ வேறெங்கேயும் போகாமல் எங்களிடம் வா என்று கூப்பிடுகிற அழைப்பு. அப்படியானால் டினுஷாவை யார் கூப்பிடுவார்கள், எதற்காக?

இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். பல கல்லூரிகள் வருஷாவருஷம் ஒரு நீண்ட அட்டவணையை வெளியிடுகின்றன. அதில் ஒரு மூலையில், பணத்தேவை இல்லாதிருந்தும் கல்லூரியின் கொடை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி. விளம்பரப் பக்கத்தில் எவ்வளவு இனிப்பாக எழுதியிருந்தாலும் இந்த வரியில் உண்மை தெரிந்துவிடும். சிலவற்றில் மூன்று பேர், சிலவற்றில் முந்நூறு பேர். அதற்குப் பிறகு நிஸ்மியா எந்தக் கல்லூரியின் பேரைக் கேட்டாலும் அந்த அட்டவணையைத்தான் முதலில் தேடுவாள்.

அப்படி வடித்தெடுத்ததில் இருபது மிஞ்சின. அவற்றில் ஏழு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று அடிக்குறிப்பில் எழுதியிருந்தன. நாலு கல்லூரிகளில் விண்ணப்ப முடிவுத் திகதி ஜனவரி என்றாலும் புலமைப்பரிசிலுக்கு மட்டும் நவம்பரோடு கதவு மூடிவிடும். அது வேறொரு பக்கத்தில் இருந்தது. அந்த நாலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. சந்தேகமான இடங்களுக்கெல்லாம் நிஸ்மியா தன்னுடைய பாணியில் ஈமெயில் அனுப்பினாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. போட்டவர்கள் தெளிவாகப் போட்டார்கள்.

கட்டாரிலிருந்து சாலிஹ் வட்சப்பில் குரல் அனுப்பினான். "நிஸ்மியா, ஊர்ப்பிள்ளைட சோலி உனக்கெதுக்கு? கடையப் பாரன்." பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது. "அதுசரி, அந்தத் தொண்ணூத்தெட்டுக் கதைய எங்கட ரூமில சொன்னன். நம்புறாங்க இல்ல. அந்த ஈமெயில அனுப்பி விடு, காட்டுறத்துக்கு."

பிறகு கட்டுரை. எல்லாக் கல்லூரிகளும் ஒரு கட்டுரை கேட்டன. டினுஷாவிடம் கொழும்பு முகவர் எழுதிக் கொடுத்தது ஒன்று தயாராக இருந்தது. நிஸ்மியா முதல் வரியை வாசித்ததும் நிமிர்ந்தாள். 'கடலலை எங்கள் வீட்டை அள்ளிக்கொண்டு போன அந்தக் காலையில் எனக்கு நம்பிக்கை என்றால் என்னவென்று புரிந்தது.'

"புள்ள, சுனாமி வரக்குள்ள நீ பிறந்திட்டயா?"

"இல்ல. அடுத்த வருஷம்தான் பிறந்தன்."

"இந்த வரிய நான் முதலும் கொப்பி எடுத்திரிக்கன். ஏறாவூர்ப் பொடியன் ஒருத்தனுக்கு. மறுகா இன்னொரு புள்ளைக்கும். இதே அலை, இதே காலை."

டினுஷா அந்தத் தாளைக் கிழித்தாள். துண்டுகளைக் குப்பைக்கூடைக்குள் போட்டாள். "எனக்குச் சொல்றத்துக்கு ஒண்டுமில்ல அன்ரி. நான் சும்மா படிச்சன். அவ்வளவுதான்."

"படிக்காத நேரத்தில என்ன செய்வாய்?"

"கிணத்துத் தண்ணிய அளப்பன்."

"என்னத்துக்கு?"

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. பெரியகல்லாற்றில் மாரி வெள்ளம் ஏறினால் ஆற்றுவாயை மறித்து நிற்கும் மணலை வெட்டிவிடுவார்கள். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடும், பிறகு கடல்தண்ணீர் உள்ளே ஏறும். அதற்குப் பிறகு கிணறுகள் உவர்த்துப்போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை நாளில் உவர்க்கும் என்று டினுஷா ஒருநாள் கேட்டிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை. இறால் பண்ணையில் வேலை செய்த ஒருவரிடம் பழைய உப்புமானியொன்றை இரவல் வாங்கி, தங்கள் ஒழுங்கையில் இருந்த ஒன்பது கிணறுகளையும் இரண்டு வருஷமாக, கிழமைக்கு இரண்டு தரம் அளந்து எழுதி வந்திருக்கிறாள். வெட்டிய மறுநாளே உவர்க்கும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். பத்தொன்பது நாள் எடுத்தது. அதிலும் கோவில் பக்கத்து இரண்டு கிணறுகள் உவர்க்கவே இல்லை.

"ஏன் உவர்க்கல்ல?" நிஸ்மியா நாற்காலியின் விளிம்புக்கே வந்துவிட்டாள்.

"தெரியா."

"ஆழமா?"

"இல்ல, அளந்திட்டன். ஒரே ஆழம்தான்."

"அடியில களி கிளி இரிக்குமோ?"

"இரிக்கலாம். தோண்டிப் பார்க்க ஒருத்தரும் விடுறாங்க இல்ல."

அதையே எழுதினாள். விடை தெரியாது என்பதையும் சேர்த்து எழுதினாள். கடைசியில் தெரிந்தெடுத்த ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போனது. விண்ணப்பக் கட்டணம் கட்ட வழியில்லை, விலக்களிக்க முடியுமா என்று கேட்டதற்கு ஆறும் சம்மதித்தன. கேட்டால் கிடைக்கும் என்பதே றோய்க்குப் புதினமாக இருந்தது.

பெப்ரவரியில் ஒரு கல்லூரி நேர்முகத்துக்கு அழைத்தது. பெரியகல்லாற்றில் இணைப்பு விட்டுவிட்டு வரும் என்பதால் கடையிலேயே வைத்தார்கள். மாலை ஏழரை மணி; அங்கே காலை. நிஸ்மியா கதவைப் பாதி இறக்கி, இயந்திரங்களையெல்லாம் நிறுத்தினாள். றோய் வெளியே வீதியோரம் நின்று, கொப்பி எடுக்க வந்தவர்களையெல்லாம் கைகாட்டித் திருப்பியனுப்பினார். திரையில் தலைநரைத்த ஒரு பெண்மணி தோன்றினார். அரைமணி நேரம் கிணறுகளைப் பற்றியே கேட்டார். கடைசியில், எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா என்றார்.

டினுஷா யோசித்தாள். "இந்தப் புலமைப்பரிசில் கிடைக்காமல் உங்கள் கல்லூரிக்கு வந்த ஒருவர், கிடைத்தவர்களைவிட நன்றாகச் செய்ததுண்டா?"

அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். "அடிக்கடி. நாங்கள் தெரிவு செய்வதில் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை," என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்ற நிஸ்மியாவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது.

மார்ச்சில் பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்று கல்லூரிகள் இல்லை என்றன. ஒன்று காத்திருக்கச் சொன்னது. ஒன்று அனுமதி தந்து, புலமைப்பரிசில் தரவில்லை. ஒவ்வொரு முறையும் றோய் "போகட்டும்" என்பார். டிக்கெட் கிழிக்கும் கை மட்டும் அன்று மெதுவாக ஓடும். கடைசியாக, நேர்முகம் வைத்த கல்லூரியின் முடிவு வந்திருக்கிறது என்ற செய்தி டினுஷாவின் போனுக்கு ஒரு காலையில் வந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. அப்பாவின் பஸ்ஸில் ஏறி, முன் ஆசனத்தில், போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்தான்குடி வரை வந்தாள். நேர்முகம் வைத்த இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

கடைக்குள் மூவரும் கணினிக்கு முன்னால் நின்றார்கள். டினுஷா கடவுச்சொல்லை இரண்டு தரம் பிழையாகத் தட்டினாள். பக்கம் திறந்தது. அவள் வாசித்தாள். கீழே போய், மேலே வந்து, மறுபடியும் வாசித்தாள்.

"என்ன மகள்?" என்றார் றோய்.

"படிப்பும் இருப்பிடமும் சாப்பாடும். நாலு வருஷம். அப்பா, முழுசா."

றோய்க்கு விளங்கவில்லை. நிஸ்மியாவைப் பார்த்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரைக்குக் கிட்டப் போய், அடிக்குறிப்பு உட்பட எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"எத்தின பேருக்காம்?" என்றார் றோய். அவரும் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியிருந்தார்.

"பதினொரு பேருக்கு, அண்ணன். ஆயிரத்தி எண்ணூறு பேர் கேட்டிரிக்காங்க. பதினொரு பேருக்குத்தான்."

றோய் கொப்பித் தாள் கட்டுகளுக்கு மேல் குந்திவிட்டார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டினுஷா அவருக்குப் பக்கத்தில் குந்தி, அவருடைய தோளில் நெற்றியை வைத்தாள். வெளியே ஹோர்ன் அடித்தது, அடித்தது, நின்றது. கோணாமலையே இறங்கி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மீன்கூடையோடு ஒரு பெண், இரண்டு பாடசாலைப் பிள்ளைகள், ஒரு மௌலவி.

"என்ன றோய், யாருக்கு என்ன?" கோணாமலை பதறினார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல, நல்லதுதான்," என்றாள் நிஸ்மியா. அன்று அந்த பஸ் இருபத்தைந்து நிமிஷம் பிந்தித்தான் மட்டக்களப்புக்குப் போனது. பிந்தியதற்கு ஒருவரும் குறை சொல்லவில்லை என்று றோய் சொல்வார். இரண்டு பேர் சொன்னார்கள் என்று கோணாமலை சொல்வார்.

ஓகஸ்டில் டினுஷா போனாள். போவதற்கு முதல்நாள் உப்புமானியை இரவல் தந்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிஸ்மியாவிடம் வந்து சொல்லிக்கொண்டாள். "அங்க தண்ணி எப்பிடியெண்டு எழுது," என்றாள் நிஸ்மியா. "ஓம் அன்ரி, எழுதுறன்," என்றாள் அவள்.

இப்போது கடைக்கு வெளியூர்களிலிருந்தும் கடிதங்கள் வருகின்றன. ஓட்டமாவடியிலிருந்து ஒருவர், நாவற்குடாவிலிருந்து ஒரு தாய். தலைசிறந்த, பெருமையடைகிறோம் என்றெல்லாம் எழுதிய வழுவழுப்பான கடிதங்கள். நிஸ்மியா இப்போது வாசிப்பதற்கு முன் அனுமதி கேட்கிறாள். "வாசிக்கட்டா?" சிலர் வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு கொப்பி எடுப்பது அவளுக்குச் சரியான கஷ்டம். வாசிக்கக் கொடுத்தவர்களில் எல்லோருக்கும் நல்லது நடந்துவிடவில்லை. ஒருவன் தொண்ணூற்றெட்டில் ஒருவனாகவே, தெரிந்துகொண்டே போனான். அவன் வாப்பாவுக்கு மிச்சத்தைக் கட்ட வசதி இருந்தது.

ஒக்டோபரில் டினுஷாவிடமிருந்து நீண்ட செய்தியொன்று வந்தது. குளிர் தொடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் உப்பே இல்லை, ஆனால் ஏதோ ஒரு மருந்து வாசம். நிலத்தடி நீரைப் படிப்பிக்கும் பேராசிரியர் ஒருவர் கோவில் கிணறுகளின் கதையைக் கேட்டுவிட்டு, மண் மாதிரி அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார், அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குக் கீழே இப்படி இருந்தது: 'அன்ரி, அந்தப் பதினொரு பேரில ஒரு பொடியன் இருக்கான். நல்ல பிள்ளை, கணிதத்தில என்னைவிடக் கெட்டிக்காரன். அவன்ட அப்பாவுக்குச் சொந்தமா ரெண்டு ஹோட்டல் இருக்காம். அவனுக்கும் முழுசாத்தான் குடுத்திருக்காங்க. நேற்றெல்லாம் யோசிச்சிட்டு இருந்தன்.'

நிஸ்மியாவும் யோசித்தாள். பிளேன்ரீ ஊற்றிக் குடித்துக்கொண்டே யோசித்தாள். றோய் திரும்பும் ஓட்டத்தில் வந்தபோது அவரிடம் சொன்னாள்.

"திறமைக்கெண்டுதானே தங்கச்சி சொன்னாங்க?" என்றார் றோய். "அவனுக்குத் திறமை இரிந்தா குடுக்கட்டுமே."

"அது சரி. ஆனா அவனுக்குக் குடுக்காட்டியும் அவன் போயிரிப்பான். பன்னிரண்டாவதா நிண்ட புள்ள யாரு? அது எங்க போயிரிக்கும்?"

றோய் தலையைச் சொறிந்தார். "அது அவங்களுக்கே தெரியுமோ என்னவோ."

"கேட்டாத்தானே," என்றாள் நிஸ்மியா. அவர் பஸ்ஸுக்கு ஓடியதும் கணினியை இழுத்து, நேர்முகம் செய்த அந்தப் பெண்மணியின் முகவரியைத் தேடிப் பிடித்து, முதல் வரியைத் தட்டத் தொடங்கினாள்.